உபயம் எழுத முடியாத இடம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், வீடு கட்டும் பணிக்கு ஆளும் பணமும் சேர்க்கக் கோவில் மண்டபத்தில் கூடியபோது பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். முன்வரிசைப் பிள்ளைகளே, என் தமிழ் சாயங்காலப் பள்ளிக்கூடத்துத் தமிழ். உங்கள் தமிழ் அதைவிடக் கொஞ்சம் கம்மி. புரியாத இடத்தில் பக்கத்திலிருக்கும் ஆயாவைக் கேளுங்கள். ஆயாவுக்கும் பேச ஒரு சாக்கு கிடைக்கும்.

உள்ளே வரும்போது அண்ணாந்து பார்த்தேன். இந்த மண்டபத்தின் ஒவ்வொரு மின்விசிறியிலும் ஒரு பெயர். நாற்காலியின் முதுகிலும் பெயர். குறையாகச் சொல்லவில்லை, மூன்றாவது விசிறியில் இருப்பது என் அப்பா பெயர்தான். ஆனால் இதே மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு கழிவுநீர்க் குழாய் போகிறது. அது இல்லாவிட்டால் நாம் இங்கே ஒரு மணி நேரம் உட்கார முடியாது. அதில் யாருடைய உபயம் என்று எழுதியிருக்கிறது? நான் இன்றைக்குக் கேட்க வந்திருப்பது அந்தக் குழாய்க் காசு.

நான்கு குடும்பங்களுக்கு வீடு கட்ட எடுத்திருக்கிறோம். சுவருக்கும் கதவுக்கும் கொடுக்க ஆள் வந்துவிட்டது. ஜன்னலுக்குக்கூட இரண்டு பேர் போட்டி. வடிகாலுக்கு இன்றுவரை ஒருவரும் இல்லை.

இது ஏன் எனக்கு உறுத்துகிறது என்றால், நான் வளர்ந்ததே ஒரு சரிவில். அதற்கு முன்னால் எங்கள் வீடு டர்பனிலேயே கேட்டோ மேனர் என்ற பகுதியில். மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாக்களும் சித்தப்பாக்களும் வந்து இறங்குவார்கள், சாயங்காலத்துக்குள் ஒரு அறை கூடியிருக்கும். கூலி, ஒரு சட்டி பீன்ஸ் கறி. 1950இல், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரிக்கும் குழுப்பகுதிச் சட்டம் வந்தது. 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்கு என்று அறிவித்தார்கள். அப்புறம் லாரி வந்தது. சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்குக் கிடைத்தது கல் வீடு, தண்ணீர்க் குழாய் உண்டு, விளக்கு உண்டு. அம்மாவுக்குச் சந்தோஷம்தான். முதல் பெருமழை வரைக்கும். மேல்மேட்டுத் தண்ணீர் அத்தனையும் சமையலறை வழியாக உள்ளே வந்து வாசல் வழியாகப் போயிற்று. அப்பாவும் அக்கம்பக்கத்தாரும் மூன்று ஞாயிறு குனிந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அந்த வீட்டை வீடாக்கியது அந்த வாய்க்கால்.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர் நமக்குப் பாடம் சொல்லாத தலைமுறை இல்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய கோவிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. அந்தக் கோவில், நம் அம்பலவாணர் ஆலயம், இன்று நிற்கும் இடத்தில் எழும்ப 1947 ஆயிற்று. 1917 அக்டோபரில் உம்கேனி நதி பெருகியபோது படவட்டன் என்ற பெயரால் இன்றும் நாம் சொல்லும் ஆறு மீனவர்கள், ஒரே படகில் போய்ப் போய் 176 பேரை மீட்டார்கள். கடைசியாக 2022 ஏப்ரல். ஒரே நாளில் 300 மில்லிமீட்டர் மழை. மாகாணத்தில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். நமக்குக் கீழே இருப்பது சிவப்பு மணல். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி நிற்கும், தண்ணீர் குடித்துவிட்டால் மாவு மாதிரி போகும். சுவர் எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும், காலுக்குக் கீழே மண் போனால் அதுவும் கூடவே போகும்.

அரசு மானியத்தில் கட்டும் வீடு 40 சதுர மீட்டர், பழைய கணக்கில் 430 சதுர அடி. நாமும் ஏறக்குறைய அந்த அளவுதான் கட்டுகிறோம். அந்த அளவு வீட்டுக்குச் சுவர் எழுப்புவது பெரிய வேலையே இல்லை. 2002இல் இதே டர்பனில் 100 வீடுகளை ஒரே வாரத்தில் எழுப்பினார்கள், நினைவிருக்கும். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வந்து சுத்தியல் பிடித்தார். ஹேபிடட் என்ற அந்த அமைப்பு 1976இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. அவர்களிடம் எனக்குப் பிடித்தது அந்த வேகம் இல்லை. வீடு வாங்குகிற குடும்பமும் மண்வெட்டி பிடித்தாக வேண்டும் என்று வைத்தார்களே, அது. கடனை லாபம் வைக்காமல் கொடுப்பார்கள், திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். நம் ஊர்ச் சீட்டுக்கு உறவுக்காரன் மாதிரி இல்லை? நம்மவர்கள் இங்கே பள்ளிக்கூடம் எழுப்பியதும் அப்படித்தான். வீடு வீடாகப் போய் நாம் பாதியைச் சேர்த்தால்தான் அரசாங்கம் மீதியைப் போடும்.

தொண்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு ஒரு இடத்தில் நானும் கட்டப் போனேன். ஒரு பகல் முழுக்க நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சுவர் வைத்தோம், முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம். மறுநாள் போனால் சுவர் நேராக நிற்கிறது. நேற்று அப்படி நிற்கவில்லையே என்று யோசித்தேன். நாங்கள் கிளம்பியதும் கொத்தனார் அதை மொத்தமாகப் பிரித்து இரவோடு இரவாகத் திரும்ப வைத்திருக்கிறார்! எங்கள் மனசு நோகக் கூடாது என்று வாயே திறக்கவில்லை. ஆகவே இந்தத் தடவை சுவரைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவோம். அவருக்கு முழுக் கூலி கொடுப்போம். குழி தோண்ட, மண் தள்ள, ஊற்றிய கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட, இதற்கு நாம் போதும்.

மண்ணுக்குள் போவது போக, காகிதத்துக்குள் போகும் காசும் உண்டு. வரைபட அனுமதி, வீட்டுப் பத்திரம். பத்திரம் இல்லாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கைதட்டிப் போனால், பெரியவர் கண்மூடிய பதினாறாம் நாளே பிள்ளைகளுக்குள் வழக்கு. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்திருக்கிறோம்.

ஒரு அண்ணன் வாசலில் நிறுத்திக் கேட்டார்: நான்கில் இரண்டு ஜூலு குடும்பமாமே, நம் பிள்ளைகள் வாடகைக்கு அலையும்போது நம் காசு ஏன் அங்கே போகிறது? கோபமாகக் கேட்கவில்லை, நியாயமான கவலையோடுதான் கேட்டார். வரைபடத்தைக் காட்டினேன். அந்த இரண்டு வீடும் சரிவின் மேலே, நம் இரண்டும் கீழே. மேல்வீட்டுக்கு வடிகால் போடாவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே வரும் அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்று கேட்டார்.

60 மீட்டர் வேண்டும். அண்ணன் 10 ஏற்றுக்கொண்டார், பாக்கி 50. சனிக்கிழமை காலை 7 மணிக்கு மேல்மேட்டில் தோண்ட ஆரம்பிக்கிறோம். பழைய செருப்பில் வராதீர்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். மத்தியானத்துக்கு பீன்ஸ் பன்னி, ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றியது, சொல்லியிருக்கிறோம். பெயர் கொடுக்கிறவர்களுக்கு நோட்டு பின்கதவருகே இருக்கிறது, பேனாவை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.