சோதிக்க ஒரு பாட்டு, காட்ட ஒரு பாட்டு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, புதிதாக ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு டவர் ஸ்பீக்கரும் வாங்கியிருக்கிறேன். நோம்பிக்கு மச்சான் வருகிறார். எந்தப் பாட்டைப் போட்டால் சிஸ்டத்தின் தரம் தெரியும்?"

தம்பி, இது இரண்டு கேள்விங்க. சிஸ்டம் ஒழுங்காகப் பாடுகிறதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மச்சான் அசந்து போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாட்டு ஆகாது.

முதலில் ஐம்பதுகளில் வந்த சினிமாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். சிரிக்க வேண்டாம். அது மோனோ. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தம்தான் போகும். அதனால் நடுவில் உட்கார்ந்து கேட்டால், குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், பேஸும் (கனத்த அடிச்சத்தம்) வற்றிப் போயிருந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு முனையும் கருப்பு முனையும் மாறியிருக்கிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் பின்பக்கம் குனிந்து பாருங்கள். பழைய பாட்டை ஸ்டீரியோவாக மாற்றி விற்பார்கள், அது இதற்கு உதவாது.

அப்புறம் மிருதங்கம். நல்ல கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் இடத்துக்குப் போங்கள். இடந்தலையான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள், கனத்த நாதம் அதிலிருந்துதான். அடித்த கையாலேயே தோலை அழுத்தித் தள்ளும்போது அந்த நாதம் வளைந்து மேலே ஏறும். அதுதான் கும்கி. அந்த வளைவு உங்கள் காதுக்குத் தெரிய வேண்டும். எல்லா அடியும் ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று விழுந்தால், கேட்பது மிருதங்கம் இல்லை, உங்கள் அறை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒன்றிரண்டு அடி முன்னால் இழுத்து வைத்து மறுபடி கேளுங்கள். டைல்ஸ் தரையில் 'ச', 'ஸ' எல்லாம் காதைக் குத்தினால் ஒரு பவானி ஜமக்காளத்தை விரியுங்கள். கூச்சல் கொஞ்சம் அடங்கும், ஆனால் பேஸை ஜமக்காளம் ஒன்றும் செய்யாது.

உடுக்கை, பம்பையை நேரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்காக நம் கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையைப் போட்டுச் சோதிக்கலாமா என்றால், வேண்டாம். கோயில் மைக்செட்டில் போனதை அப்படியே பிடித்து வைத்த பதிவு என்றால், எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்குகிறீர்களோ, அவ்வளவு துல்லியமாக அந்த மைக்செட் குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பைக் கேட்பீர்கள்.

போனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பிச் சோதிக்காதீர்கள். சிடி போதும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நம் காதுக்குத் தாராளம். இரண்டு பதிவை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள், கூடுதலாக அலறுவதுதான் நல்லது என்று காது நம்பிவிடும்.

இனி மச்சான். ஆடியோ கடைக்குப் போனால் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 1994-இல் வந்த மேடைப் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். தொடக்கத்து டிரம் வயிற்றில் வந்து விழும், உண்மைதான். ஆனால் மச்சானுக்கு அந்தப் பாட்டு பழக்கமில்லை என்றால் இரண்டாவது நிமிடம் போனை எடுத்துவிடுவார். அவர் இளவயதில் டவுன் பஸ்ஸில் கேட்டுக் கேட்டுத் தேய்த்த பாட்டு எது என்று அக்காவிடம் விசாரித்து, அதன் நல்ல பதிவைத் தேடிப் பிடியுங்கள். "அட, இங்கே வயலின் வருதா!" என்று அவராகச் சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கம் சொல்லக் கூடாது. அவருக்கு ரசனை இருந்தால் அடுத்து இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்', 1988-இல் வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலில் ஊதும் காற்றும் சேர்ந்து கேட்கிறதா பாருங்கள்.

ஃபேனை அணைத்துவிட்டுப் போடுங்கள். விலை எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. அடுத்து, திருப்பூரிலிருந்து சப்வூஃபர் பற்றி ஒரு கேள்வி.