ஹென்றி ஃபாண்டா ஏன் மெக்சிகோ போனாரு?

வணக்கம், உக்காருங்க, டீ வந்துட்டே இருக்காம், வந்ததும் குடிச்சிக்கலாம். இப்ப நாம பாத்து முடிச்ச 'தேர் வாஸ் எ க்ரூக்கட் மேன்' படத்துல, கடைசில ஜெயில் வார்டனா வர்ற ஹென்றி ஃபாண்டா பணத்தோட குதிரைய மெக்சிகோ பக்கம் திருப்புனாரு பாருங்க, அப்ப பின் வரிசைல யாரோ "அடப்பாவி"ன்னு சத்தமாவே சொன்னீங்க. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் டைரக்டர் ரெண்டு மணி நேரத்துக்கு மேல நம்மள உக்கார வச்சிருக்காருன்னு நான் சொல்வேன். எல்லாரும் படத்த பாத்தாச்சு, அதனால கதைய மறைச்சு மறைச்சு பேசுற வேலை நமக்கு இல்ல.

'தேர் வாஸ் எ க்ரூக்கட் மேன்', 1970 டிசம்பர்ல வந்த படம். டைரக்டர் ஜோசஃப் எல். மேன்கிவிச். எழுதுனது டேவிட் நியூமன், ராபர்ட் பென்டன்னு ரெண்டு பேரு, 1967-ல 'பானி அண்ட் க்ளைட்' எழுதுன அதே ஜோடி. மேன்கிவிச் யாருன்னா, அடுத்தடுத்த ரெண்டு வருஷத்துல எழுத்துக்கும் இயக்கத்துக்கும் சேத்து நாலு ஆஸ்கர் வாங்குனவரு, வீட்டுக்குள்ள உக்காந்து ஆளுங்க நாக்காலயே ஒருத்தர ஒருத்தர் குத்திக்கிற மாதிரி படம் எடுக்குறதுல கில்லாடி. வாழ்க்கைல அவரு எடுத்த ஒரே வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம், இதுதான். அது பாத்தாலே தெரியும், துப்பாக்கி சத்தத்த விட பேச்சு சத்தம்தான் ஜாஸ்தி, ஜெயில்ல இருக்குற கைதி ஒவ்வொருத்தனும் வக்கீல் மாதிரி பேசுறான். சில பேருக்கு இது பிடிக்கல, வெஸ்டர்ன்னா வெளி வேணும், தூசி வேணும்பாங்க. தூசிக்கு என்ன குறைச்சல், கலிஃபோர்னியால ஜாஷுவா ட்ரீ பாலைவனத்துல செட் போட்டு எடுத்திருக்காங்க, அந்த வெயில் நம்ம முகத்துலயே அடிக்குது.

கர்க் டக்ளஸ் பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அவரு வந்தாருன்னா வேற யாரையும் பாக்க விடமாட்டாரு. பாரிஸ் பிட்மன்ங்கிற திருடன். மூக்குல ஒரு வட்டக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, வாய் நிறைய சிரிப்ப வச்சிக்கிட்டு, அஞ்சு லட்சம் டாலர கொள்ளையடிச்சி, கூட வந்தவங்க ஒருத்தனும் மிஞ்சாம போக, பணத்த கொண்டு போய் பாம்புக் குழிக்குள்ள இறக்குறான், அதுவும் பொம்பளைங்க உள்ளாடைல முடிச்சு போட்டு. அப்புறம் எப்படி மாட்டுறான்? பணத்த பறிகொடுத்த அந்த பணக்காரரு மனசு ஆறணும்னு ஒரு விபச்சார விடுதிக்கு போறாரு, அங்க சுவத்து ஓட்டை வழியா பக்கத்து ரூம எட்டிப் பாத்தா அங்க இருக்குறவன் இவன். யோக்கியரும் திருடனும் ஒரே கூரைக்கு கீழ இருக்காங்க, நடுவுல இருக்குறது ஒரு சுவரு, அதுலயும் ஓட்டை. படத்தோட மொத்த புத்தியும் அந்த ஓட்டைல இருக்குன்னு நினைக்கிறேன்.

பத்து வருஷம் தண்டனை, பாலைவன ஜெயில். அங்க முதல் வார்டன் லெகாஃப் கூப்பிட்டு நேரடியாவே கேக்குறான், உன்ன தப்பிக்க விடுறேன், பணத்துல எனக்கு பங்கு குடுன்னு. இந்த ஆள நமக்கு பிடிக்காது, ஆனா பேரம் தெளிவா இருக்கு, ஒளிவு மறைவு இல்ல. அவன் ஒரு கலாட்டால கைதி கையால செத்துப் போறான். அடுத்து வர்றவருதான் லோப்மன், நம்ம ஃபாண்டா. இவரு ஏற்கனவே ஷெரிஃபா இருந்தவரு, ஒரு குடிகாரன்கிட்ட துப்பாக்கி இல்லாம பேசி சரி பண்ணலாம்னு போயி கால்ல குண்டு வாங்கிட்டு நொண்டிக்கிட்டு வர்றவரு. சுட்டவன் ஃப்ளாய்ட் மூன், வாரன் ஓட்ஸ் பண்ணிருக்காரு, அவனும் இதே ஜெயில்லதான் இருக்கான். லோப்மன் அவன பழிவாங்கல, அத கவனிங்க. அடி உதைய நிறுத்துறாரு, கைதிகளுக்கு ஒழுங்கான சாப்பாட்டு ஹால் கட்ட வைக்கிறாரு, மனுஷனா நடத்துனா மனுஷனா இருப்பான்னு உண்மையாவே நம்புறாரு. இதுல துளி நடிப்பு இல்ல, அதனாலதான் பயமா இருக்கு.

ஏன்னா இந்த படம் சொல்ற விஷயம் என்னன்னா, லெகாஃப் மாதிரி கெட்ட வார்டன் இருந்தா பிட்மனால ஒண்ணும் பண்ண முடியாது, பங்கு குடுத்துட்டு போகணும், இல்லன்னா உள்ளயே கிடக்கணும். நல்ல வார்டன் வந்தப்புறம்தான் அவனுக்கு வழி பொறக்குது. நம்பிக்கை வைக்கிறாங்க, பொறுப்பு குடுக்குறாங்க, அவன் போய் மத்த கைதிகள வேலைக்கு திரட்டுறான், ஹால் எழும்புது, பெரிய மனுஷங்கள்லாம் திறப்பு விழாவுக்கு வர்றாங்க, அன்னிக்கு பாத்து கலவரத்த கிளப்பி விட்டுட்டு கிளம்பிடறான். சீர்திருத்தம்தான் அவனுக்கு ஏணி. ஏறிப் போனவன் கூட வந்தவங்கள விட்டு வச்சானா, அதுவும் இல்ல. சிரிச்சிக்கிட்டே கொல்றான். அது வரைக்கும் அவன் பக்கம் இருந்த நமக்கு அங்கதான் தொண்டைல சிக்குது, நானும் அவ்வளவு நேரம் அவன ரசிச்சிக்கிட்டுதான் இருந்தேன், நீங்களும் அப்படித்தான்.

இப்ப இங்க நான் படத்தோட கொஞ்சம் சண்டை போடணும். படத்துல வர்ற ஜெயில் கற்பனை, ஆனா கதை நடக்குற 1883-ல அரிசோனா டெரிட்டரி ஜெயில்னா அது யூமாதான், கொலராடோ ஆத்தங்கரை மேட்டுல. 1876 ஜூலை 1-ஆம் தேதி முதல் ஏழு கைதிகள உள்ள போட்டாங்க, எந்த செல்லுக்குள்ளன்னா அவங்களே கட்டுன செல்லுக்குள்ள. 1909-ல மூடுற வரைக்கும் மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்க உள்ள இருந்திருக்காங்க, அதுல 29 பேரு பெண்கள். நூறு பேருக்கு மேல உள்ளயே செத்தாங்க, பெரும்பாலும் டிபி. பாறைய குடைஞ்ச இருட்டு அறை ஒண்ணு, அடங்காதவனுக்கு அதுதான் இடம். வெயில் பத்தி சொல்லவே வேணாம். ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, அந்த ஜெயிலுக்கு லைப்ரரி இருந்துச்சு, சூப்பரின்டென்டென்ட் மனைவி மடோரா இங்கல்ஸ் முன்ன நின்னு சேத்த புத்தகம், ஜெயில சுத்திப் பாக்க வர்றவங்ககிட்ட டிக்கெட் காசு வாங்கி அதுல புத்தகம் வாங்குனாங்க. ஊர்க்காரங்களுக்கு வயித்தெரிச்சல், கொலராடோ ஆத்தங்கரை கன்ட்ரி க்ளப்புன்னு கிண்டல் பண்ணாங்க. ஜெயில மூடுனப்புறம் அங்க ஒரு ஹைஸ்கூல் நடந்துச்சு, 1910-ல இருந்து 1914 வரைக்கும், அந்த ஸ்கூல் டீமுக்கு இன்னிக்கும் பேரு 'க்ரிமினல்ஸ்'. இத நான் புனைஞ்சு சொல்லலங்க, நிஜமாவே.

நான் சொல்ல வந்தது 1887 அக்டோபர் 27. அன்னிக்கு யூமாவுல சூப்பரின்டென்டென்ட் தாமஸ் கேட்ஸ கைதிங்க பிடிச்சி வச்சிக்கிட்டு தப்பிக்கப் பாத்தாங்க. காவல் கோபுரத்துல இருந்து சுடுறாங்க, கைதிங்க சாயுறாங்க, கேட்ஸ ஒருத்தன் கத்தியால குத்துறான். அந்த நேரம் குறுக்க பாஞ்சி குத்துனவன சுட்டு கேட்ஸ காப்பாத்துனவன் காவலாளி இல்ல, பார்னி ரிக்ஸ்ங்கிற ஆயுள் கைதி, கொலைக் கேஸ்ல உள்ள வந்தவன். அதுக்கு அவனுக்கு மன்னிப்பு கிடைச்சி விடுதலை ஆனான். மேன்கிவிச் படத்துல இப்படி ஒருத்தனுக்கு இடமே இல்ல. ரிக்ஸ் எதுக்கு பண்ணான், பாசமா, இல்ல மன்னிப்பு கிடைக்கும்னு அந்த ஒரு நொடில கணக்கு போட்டானா, அது நமக்கு தெரியப் போறதில்ல, ஆனா அப்படி ஒரு ஆளும் ஒரு ஜெயில்ல இருந்தான். படம் அந்த வாசல முழுசா அடைச்சிடுது. புத்திசாலியான படம்தான், ஆனா எல்லாரும் ஒருநாள் கோணுவாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்கிற புத்திசாலித்தனம், அதுல எனக்கு கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, மேன்கிவிச்சுக்கு ஏன் இவ்வளவு அவநம்பிக்கைன்னு யோசிச்சப்போ எனக்கு 1950 ஞாபகம் வந்துச்சு. இது என்னோட வாசிப்புதான், டைரக்டர் சொன்னதா எடுத்துக்காதீங்க. அந்த வருஷம் மேன்கிவிச் டைரக்டர்கள் சங்கத்துக்கு தலைவர். ஹாலிவுட்ல கம்யூனிஸ்ட் வேட்டை நடக்குற காலம், ஆளாளுக்கு பயம். பெரிய டைரக்டர் சிசில் பி. டிமில்லும் அவரு ஆளுங்களும் சேந்து, சங்கத்து உறுப்பினர் எல்லாரும் 'நான் கம்யூனிஸ்ட் இல்ல'ங்கிற விசுவாச உறுதிமொழில கையெழுத்து போட்டே ஆகணும்னு கிளம்புனாங்க, மேன்கிவிச் ஊர்ல இல்லாத நேரம் பாத்து. இவரு எதுத்தாரு, உடனே இவர பதவில இருந்து தூக்கவே ஓட்டு சேகரிச்சாங்க. அக்டோபர்ல பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல்ல ராத்திரி ரொம்ப நேரம் நடந்த கூட்டம் அது, கடைசில வெஸ்டர்ன் படங்களுக்கு பேர் போன டைரக்டர் ஜான் ஃபோர்டு எந்திரிச்சி டிமில்ல மூஞ்சிக்கு நேரா விமர்சனம் பண்ணி மேன்கிவிச் பக்கம் நின்னாரு. டிமில் கோஷ்டி தோத்துச்சு. கைதட்டல், நியாயம் ஜெயிச்சுச்சு, படமா இருந்தா இங்க சுபம் போட்டிருப்பாங்க. ஆனா சில நாள் கழிச்சு இதே மேன்கிவிச் உறுப்பினர்களுக்கு கடிதம் எழுதுனாரு, எல்லாரும் அந்த உறுதிமொழில கையெழுத்து போடுங்க, கட்டாயமா இல்ல, நீங்களா விரும்பி போடுங்கன்னு.

எதுத்து நின்னு ஜெயிச்ச மனுஷன், ஜெயிச்சப்புறம் வளையுறாரு. அவரு நிலைமை என்னவோ, சங்கம் உடைஞ்சிடக் கூடாதுன்னு நினைச்சாரோ என்னவோ, திட்டுறதுக்காக நான் இத சொல்லல. இருபது வருஷம் கழிச்சு அதே ஆளு லோப்மன்னு ஒருத்தர படைக்கிறாரு, கால்ல குண்டு பட்டும் மாறாதவரு, ஃப்ளாய்ட பழிவாங்காதவரு, பணமூட்டை கைக்கு வந்தப்புறம் மாறுறவரு. அத எழுதுனது நியூமன், பென்டன்தான், ஆனா அந்த முகத்த எவ்வளவு நேரம் காட்டணும், எப்ப நிறுத்தணும்னு முடிவு பண்ணது மேன்கிவிச்.

இன்னொண்ணு, படத்துல யார் யார்லாம் இருக்காங்கன்னு பாருங்க. ஜான் ராண்டால்ஃப், லீ கிராண்ட், பர்ஜெஸ் மெரிடித், இவங்கள்லாம் அந்த கறுப்புப் பட்டியல் காலத்துல, அதாவது கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டவங்களுக்கு வேலை குடுக்காத காலத்துல, வேலை இழந்து அடிபட்டவங்க. லீ கிராண்டுக்கு கிட்டத்தட்ட பன்னெண்டு வருஷம் சினிமா வாய்ப்பே இல்ல. கர்க் டக்ளஸோ, அதே மாதிரி தடை செய்யப்பட்ட திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ பேர 1960-ல 'ஸ்பார்டகஸ்' டைட்டில்ல போட வச்சவரு. யாரு கூட்டாளிய காட்டிக் குடுப்பான், யாரு மாட்டான்னு சொந்த வாழ்க்கைல பாத்தவங்க இத்தன பேரு ஒரு ஜெயில் செட்டுக்குள்ள நின்னு வசனம் பேசுறாங்க. வேணும்னு சேத்தாங்களா, தற்செயலாங்கிறத விடுங்க, எனக்கு அந்த கூட்டத்த பாக்கறப்ப உடம்பு சிலிர்க்குது.

குறையும் சொல்லணும். பெண்கள் இந்த படத்துல சும்மா ஜோக்குக்குதான் வர்றாங்க, லீ கிராண்ட் மாதிரி ஒரு நடிகைய கூப்பிட்டு அவ்வளவு சின்ன வேலை குடுத்திருக்காங்க, கோபமா வருது. ஆ-பிங்னு வர்ற சீனக் கைதிக்கு வாய் திறக்கவே விடல, பலசாலிங்கிற ஒரே அடையாளம்தான். அந்த வேஷம் போட்டவரு சி.கே. யாங், தைவான்காரரு, 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல டெகாத்லான்ல வெள்ளி வாங்குனவரு, பத்து விளையாட்டுல உலகத்தோட மோதுன மனுஷன இங்க முறைச்சிக்கிட்டு நிக்க வச்சிட்டாங்க. பாட்டும் அப்பப்ப பொருந்தாம துள்ளுது, ஆள் சாகுறப்ப கூட படம் விசிலடிக்கிற மாதிரி இருக்கு. 1970-ல அது புதுசா இருந்திருக்கும், இப்ப பாத்தா சில இடத்துல கடுப்பாகுது.

ஆனா ஹ்யூம் க்ரோனினும் ஜான் ராண்டால்ஃபும் வர்ற பகுதி, அந்த ரெண்டு வயசான ஏமாத்துக்காரங்க, வின்னர், மெக்நட், பழைய தம்பதி மாதிரி எந்நேரமும் சண்டை. அவங்களுக்குள்ள என்ன உறவுன்னு படம் பெருசா விளக்கல, எல்லாருக்கும் புரியுது, கேலி கொஞ்சம் இருந்தாலும் பாசம்தான் மேல நிக்குது, அந்த காலத்து ஹாலிவுட்டுக்கு இது பெரிய விஷயம். தப்பிக்கிற நேரம் வந்ததும் இவங்க போகல. அதனாலயே உயிரோட இருக்காங்க. பிட்மன் கூட போனவங்க கதி என்னாச்சுன்னு பாத்தோம்ல.

இப்ப முடிவுக்கு வர்றேன். பாம்புக் குழில பிட்மன் துப்பாக்கியால பாம்ப எல்லாம் சுட்டுத் தள்ளிட்டு மூட்டைய தூக்குறான், திறக்குறான், உள்ள ஒண்ணு மிச்சம் இருக்கு, கழுத்துல கொத்திடுது. பின்னாடியே துரத்தி வந்த லோப்மன் பாக்குறப்போ ஆள் முடிஞ்சாச்சு. பொணத்த குதிரைல கட்டி ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டு வந்து உள்ள அனுப்பிட்டு, பணத்தோட இவரு திரும்பிடறாரு. இதுக்கு ஃபாண்டாவ போட்டதுலதான் சூட்சுமம். லிங்கனா நடிச்சவரு, அந்த காலத்து பேர் போன போலீஸ்காரர் வயாட் ஏர்ப்பா நடிச்சவரு, '12 ஆங்ரி மென்' படத்துல பன்னெண்டு ஜூரில தனியா நின்னு நியாயம் பேசுனவரு. அமெரிக்காக்காரன் கண்ண மூடிக்கிட்டு நம்புற முகம் அது. இந்த படத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இத்தாலி டைரக்டர் செர்ஜியோ லியோனே இதே முகத்த கொடூரமான வில்லனாக்கி அதிர வச்சாரு, ஆனா அங்க ஃபாண்டா வர்ற முதல் சீன்லயே குழந்தைய சுட்டுடுவாரு, நமக்கு தெரிஞ்சிடும். இங்க ரெண்டு மணி நேரம் நல்லவராவே இருக்காரு.

அவரு எப்ப முடிவு பண்ணாரு? சிலர் சொல்றாங்க, மூட்டைய பாத்த நொடிலன்னு. எனக்கு அப்படி தோணல. பொணத்த ஜெயில் வரைக்கும் கொண்டு வர்றாரே, திருடணும்னா குழிலயிருந்தே நேரா போயிருக்கலாமே, யாரு கேக்கப் போறா? இந்த மனுஷன் முதல்ல கடமைய முடிக்கிறாரு, ஓடிப்போன கைதிய திருப்பி ஒப்படைக்கிறாரு, கணக்கு நேர் ஆயிடுச்சு, அப்புறம்தான் போறாரு. திருடுறதுலயும் ஒரு நேர்மை இருக்கு அவருக்கு, அதான் என்னால அவர முழுசா வெறுக்க முடியல. இல்ல அதெல்லாம் பூச்சு, அவரும் பிட்மனும் ஒண்ணுதான்னு நினைக்கிறவங்க இங்க இருப்பீங்க, அந்த "அடப்பாவி" சொன்னவரு உள்பட. டீ வந்துடுச்சு போல, குடிச்சிக்கிட்டே பேசலாம், மைக்க அந்த பக்கம் குடுங்க.