குரோமில் திறந்தால் மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு இப்போது இணையத்தளம் வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் பிள்ளைகள் விண்ணப்பப் படிவங்களைப் போனிலேயே நிரப்புகிறார்கள். இப்படியான தளங்களைக் கட்டித்தரும் இளைஞர்கள் திருமலையிலேயே இருக்கிறார்கள். இன்று நான் பேசுவது முக்கியமாக அவர்களோடுதான். உங்கள் மடிக்கணினியின் குரோம் உலாவியில், அதாவது பிரவுசரில், பக்கம் வடிவாகத் திறந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். என்று நாம் எழுதும் இரண்டையும் படித்துத் திரையில் வரைவது உலாவிக்குள் இருக்கும் எஞ்சின். குரோம், எட்ஜ், ஒபேரா மூன்றிலும் இருப்பது பிளிங்க். சஃபாரியில் வெப்கிட், ஃபயர்ஃபொக்ஸில் கெக்கோ. வெவ்வேறு ஆட்கள் செய்த இந்த எஞ்சின்கள் ஒரே பக்கத்தை ஒரே மாதிரிக் காட்டப் பொது விதிகள் வேண்டும். அதற்காகத்தான் வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ 1994இல் டபிள்யூ3சி என்ற வலைத்தர அமைப்பைத் தொடங்கினார். வட்ட முள், சதுர முள் என்று நம் வீடுகளில் பிளக் மாற்றி மாற்றி அலுத்தவர்களுக்குப் பொது விதியின் அருமை தெரியும்.

விதியை விட்டு ஒரே உலாவியை நம்பினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழர் நாங்கள் நன்றாகவே கண்டோம். 2001இல் மைக்ரோசொஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. சில வருடங்களுக்குள் உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த உலாவிக் குடும்பத்தைத்தான் பாவித்தார்கள். அடுத்த பதிப்பு வர 2006 ஆனது. அந்தக் காலத்தில் நம்மவர்களின் தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. உள்ளே சேமித்திருந்தது ஆங்கில எழுத்து. தமிழாகக் காட்டியது எழுத்துரு. அதைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப மைக்ரோசொஃப்ட் ஒரு கோப்பு வடிவம் வைத்திருந்தது, போட்டி உலாவியான நெட்ஸ்கேப் வேறொன்று வைத்திருந்தது. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் செய்த பக்கத்தை வேறு உலாவியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. தேடினாலும் கிடைக்காது. எவ்வளவு எழுத்து அப்படி வாசிக்க முடியாமல் போயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நம்மை அதிலிருந்து மீட்டது தமிழ் எழுத்துகளுக்கும் தனி எண் தரும் யூனிகோடும், பிறகு எல்லா உலாவிகளும் ஏற்ற வோஃப் எழுத்துரு வடிவமும்தான். வோஃப், டபிள்யூ3சியின் பரிந்துரையானது 2012இல்.

இன்று எக்ஸ்ப்ளோரர் இருந்த இடத்தில் குரோம் இருக்கிறது. 2013இல் ஒபேராவும் 2020இல் எட்ஜும் அதே எஞ்சினுக்கு மாறின. நல்ல எஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மட்டும் பார்த்துவிட்டுத் தளத்தைக் கையளிப்பது பழைய பிழை.

ஐபோனை எடுங்கள். நம் நாட்டில் விற்கும் ஐபோனில் குரோமைப் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட். அது போனின் இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும். அண்ணன் பாவித்துத் தந்த பழைய ஐபோனுக்குப் புதிய இயங்குதளம் வராது என்றால் எஞ்சினும் அங்கேயே நின்றுவிடும். வேறு உலாவி போட்டுப் பயனில்லை. "குரோமில் திறக்கவும்" என்று அந்தப் பிள்ளைக்கு அறிவிப்புக் காட்டுவது அநியாயம்.

உலாவியின் பெயரைப் பார்க்காமல், தேவையான வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சி.எஸ்.எஸ்.ஸின் சப்போர்ட்ஸ் விதி அதற்குத்தான் இருக்கிறது. எச்.டி.எம்.எல். தானே பொறுமையானது. திகதிக்கான உள்ளீட்டுப் பெட்டியை அறியாத உலாவி அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டும். மக் கணினியின் சஃபாரியில் திகதித் தெரிவு வந்ததே 2021இல்தான். ஆகவே திகதியை எந்த ஒழுங்கில் எழுதுவது என்று பெட்டிக்கு மேலே சொல்லிவிடுங்கள். கையால் எழுதினாலும் ஏற்கும்படி செய்யுங்கள்.

தமிழை வைத்தே சோதியுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" வெளியே வழியும். "கொ", "கை" போன்றவற்றில் குறி சரியான இடத்தில் நிற்கிறதா, வரி இடைவெளி போதுமா என்று கவனியுங்கள். ஃபயர்ஃபொக்ஸ் இலவசம். ஒரு பழைய அன்ட்ரொயிட் போனும் ஒரு பழைய ஐபோனும் நண்பர்களிடம் இரவல் கிடைக்கும். அடுத்த தளத்தைக் கையளிக்க முன் இந்த மூன்றிலும் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.