பி.எஸ்.ஏ. 0.2: அறுவைக்குப் பின் ஃபைலில் பார்க்க வேண்டியவை

(மும்பை மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய மருத்துவக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் பாதிப் பேர் கையில் ஃபைலோடு வந்திருக்கிறீர்கள். சரி, அந்த ஃபைலைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுசாக எடுத்த பிறகு, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சோதனையில் பிடிபடாத அளவுக்குப் போயிருக்க வேண்டும். அப்படிப் போன பி.எஸ்.ஏ. பின்னாளில் ஒரு மில்லிக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறு சோதனையிலும் இறங்காமல் இருந்தால், 'பயோகெமிக்கல் ரிகரன்ஸ்', அதாவது ரத்தச் சோதனையில் நோய் திரும்பியதாகத் தெரிகிறது என்று எழுதுவோம். பத்து வருடத்தில் 100 பேரில் 20 முதல் 40 பேர் வரை இதைச் சந்திக்கிறார்கள்.

அந்த எண்ணைப் பார்த்ததும் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவு பயம் வேண்டாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியதிலிருந்து நோய் வேறிடத்துக்குப் பரவியது தெரிய, சராசரியாக எட்டு வருடம் ஆனது. இடையில் ஹார்மோன் சிகிச்சை கூடக் கொடுக்கவில்லை.

ஆனால் எல்லாருக்கும் எட்டு வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். பி.எஸ்.ஏ. எவ்வளவு நாளில் இரட்டிக்கிறது என்பதுதான் விஷயம். பதினைந்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் நிதானமான நோய். மூன்று மாதத்துக்குள் இரட்டித்தால் மீட்டர் வட்டிதான், தள்ளிப்போட நேரமில்லை. இந்தக் கணக்குக்கு ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்த ரிப்போர்ட்டுகள் வேண்டும். செம்பூரில் ஒரு தடவை, ஊருக்குப் போனபோது திருநெல்வேலியில் ஒரு தடவை எடுத்தால், நோய் ஏறியதா, லேப் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது பயாப்சி ரிப்போர்ட் அல்ல, எடுத்த சுரப்பியைப் பரிசோதித்த ரிப்போர்ட். இதைத்தான் பலரும் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதில் புற்று எவ்வளவு முரடு என்று காட்டும் க்ளீசன் மதிப்பெண் இருக்கும். 3+4 என்றாலும் 4+3 என்றாலும் கூட்டுத்தொகை ஏழுதான். முதலில் எழுதியிருக்கும் எண்தான் சுரப்பியில் அதிகமாக இருக்கும் வகை. அதனால் 4+3 இன்னும் முரட்டு நோய், திரும்பும் வாய்ப்பும் கூடுதல். வெட்டின ஓரத்தில் புற்று தெரிந்ததா, விந்துப்பைக்குள் போயிருந்ததா, நிணநீர்க் கணுவில் இருந்ததா, மூன்றையும் படியுங்கள். கூடவே, எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் பத்திரப்படுத்துங்கள். பரேலில் டாட்டா மெமோரியலுக்கு இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள் அவற்றைக் கையோடு கொண்டுபோவார்கள், மறுபடி பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

இப்போது மரபணுச் சோதனைகளும் வந்துவிட்டன. டெசிஃபர் என்பது அதே மெழுகுத் திசுவில் 22 மரபணுக்கூறுகளின் செயல்பாட்டை அளந்து மதிப்பெண் தரும். புரோலாரிஸ் செல் பிரிகிற வேகத்தைப் பார்க்கும். நல்ல கருவிகள்தான், மலிவு இல்லை. முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அந்தச் செலவு எதற்கு என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். நானாக இருந்தால் கேட்பேன்.

அப்புறம், கதிர்வீச்சு. எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுப்பதற்கும், பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியதும் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று 2020-இல் மூன்று பெரிய ஆய்வுகள் காட்டின. காத்திருந்தவர்களில் பலர் சிறுநீர்த் தொல்லையிலிருந்து தப்பித்தார்கள். ஆனால் பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டும்வரை விடக்கூடாது. புராஸ்டேட் புற்று உடலில் எங்கே இருக்கிறது என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது. அவ்வளவு சின்ன அளவில் ஸ்கேன் பலருக்கும் வெறுமையாகத்தான் வரும்.

இனி கேள்விகள். முதலில் அம்மாக்கள் கேளுங்கள், ஃபைலை வைத்திருப்பது நீங்கள்தானே.