லேசர் வைரஸைச் சுடுகிறதா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வெறும் 50 மில்லிவாட் லேசர் வைரஸைச் செயலிழக்க வைக்கிறது என்றீர்களே, அது வைரஸைச் சுட்டுப் பொசுக்குகிறதா? அப்படியானால் நம் செல் எப்படித் தப்பும்?" அருமையான கேள்வி. சில நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுடுவதே இல்லை. தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், லேசர் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு சக்தி என்பதோடு, எவ்வளவு நேரத்துக்குள் என்றும் கேளுங்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சென் குழு 2007இல் செய்த சோதனையையே எடுத்துக்கொள்வோம். 425 நானோமீட்டர், ஊதா கலந்த நீல ஒளி. சராசரி சுமார் 50 மில்லிவாட். ஆனால் அது விநாடிக்கு 8 கோடி துடிப்புகளாக வருகிறது. ஒரு துடிப்பு ஏறக்குறைய 100 ஃபெம்டோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 30 மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டர்தான் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், துடிப்பின் உச்சத்தில் 6 கிலோவாட்! ஆணியைக் கட்டைவிரலால் நாள் முழுக்க அழுத்தினாலும் சுவரில் இறங்காது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும். நேரம்தான் விஷயம்.

அவர்கள் எடுத்தது எம்13. ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் இழை வடிவ வைரஸ். நீளம் கிட்டத்தட்ட 900 நானோமீட்டர், குறுக்களவு ஆறோ ஏழோதான். துடிப்பு அதன் புரத உறையை அதிரவைத்துக் குலைக்கிறது என்றுதான் முதலில் விளக்கினார்கள். அப்புறம் வேறு வைரஸ்களில் பார்த்தபோது, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவது தெரிந்தது. வைரஸுக்குள் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, அதனால் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. நம் செல்லில் அந்த நெருக்கடி இல்லை. அது தப்புவதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

சரி, அப்படியானால் நோயாளி உடம்பிலேயே அடிக்கலாமா? நீல ஒளி திசுவுக்குள் ஆழமாகப் போகாது. குழாயில் இருக்கும் ரத்த பிளாஸ்மாவைச் சுத்தம் செய்வதுதான் பொருத்தம். 2014இல் அதைச் செய்தும் காட்டினார்கள்.

ஆனால் எனக்கு இன்னும் பிடித்த கேள்வி வேறு: செயலிழந்த வைரஸின் மேல்பரப்பு எந்த நிலையில் இருக்கிறது? வழக்கமாகத் தடுப்பூசிக்கு வைரஸைச் செயலிழக்க வைக்க ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் போடுவார்கள். அது மேல்பரப்புப் புரதத்தின் உருவத்தையே மாற்றிவிடக்கூடும். உருவம் மாறினால் நம் உடம்பு தவறான அடையாளத்தைக் கற்றுக்கொள்ளும். லேசர் அடித்த எச்1என்1 ஃப்ளூ வைரஸில் அந்தப் புரதம் கெடாமல் இருந்தது. 2015இல் வெளியான ஆய்வில், அதை எலிகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டு, பிறகு உயிரைக் கொல்லும் அளவு ஃப்ளூ வைரஸைச் செலுத்தினார்கள். எலிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அதற்குத் தேவைப்பட்ட மருந்து, ஃபார்மலின் தடுப்பூசிக்குத் தேவைப்படுவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.