மூன்றாம் மாதச் சண்டை நல்லது

குழு ஊக்குநர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

1989ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992ல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து குழு அமைப்பதில் நமக்குக் கை பழகிவிட்டது. குழுவை வளர்ப்பதில்தான் இன்னும் அவசரப்படுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965ல் குழுக்களின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாகச் சொன்னார்: ஒன்றுகூடுதல், மோதல், நெறிப்படுதல், செயல்படுதல். 1977ல் கலைதல் என்று ஐந்தாவதையும் சேர்த்தார்கள். இதில் நாம் பயந்து ஓடுவது இரண்டாவது கட்டத்தைப் பார்த்து. அங்கேதான் நிற்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 15 பேர், மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு. மூன்றாம் மாதம் கையிருப்பு 9,000. நான்கு பேர் தலைக்கு 5,000 கடன் கேட்கிறார்கள். 20,000க்கு எங்கே போவது? குரல் உயர்கிறது. உடனே நம்மில் பலர் நடுவில் புகுந்து, "இந்த மாதம் இவருக்கு, அடுத்த மாதம் அவருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சண்டை நின்றுவிடும், ஆனால் அடுத்த மாதமும் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பேச விடுங்கள். மருத்துவச் செலவு முதலில், பள்ளிக் கட்டணம் அடுத்து என்று அவர்களே வரிசை சொல்லட்டும். அந்த வரிசை அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். இருவருக்கு 4,000 வீதம் கொடுத்து, 1,000 அவசரத்துக்கு இருக்கட்டும்.

கடன் வாங்கியவரே தன் கணக்கைக் கூட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். 4,000 கடன், நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி, பத்துத் தவணை என்றால் முதல் மாதம் அசல் 400, வட்டி 80, ஆக 480. அடுத்த மாதம் நிலுவை 3,600. வட்டி 72, ஆக 472. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். பதினைந்து பேர் காதில் விழுந்த கணக்கை யாரும் மாற்ற முடியாது.

குழு கெடுவது பெரும்பாலும் சண்டையால் அல்ல, அமைதியால். "அக்கா, நீங்களே எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்கிறார்கள் பாருங்கள், அது நம்பிக்கைபோலத் தெரியும். பேரேடு ஊக்குநர் வீட்டுக்குப் போகும், பணமும் கூடவே போகும். ஆறு மாதம் கழித்து கடன் தரும் முன் குழுவைத் தர மதிப்பீடு செய்ய வங்கி வரும்போது வருகைப் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் ஒரே மையில் இருக்கும். கணக்கு கூட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பணம் மறுநாளே வங்கிக்குப் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் மாற்றுங்கள். அடுத்து வரப்போகிறவர் மூன்று மாதம் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகட்டும்.

வங்கிக் கடன் வந்ததும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடுவது இன்னொரு கேடு. தேவையில்லாதவர் தன் பங்கை வேறொருவருக்குக் கைமாற்றுவார். தவணை தவறினால் யாரைக் கேட்பது?

ஒருவர் விலகினால் அவருடைய சேமிப்பு, வட்டி வருமானத்தில் பங்கு, கழிக்க வேண்டிய கடன் மூன்றையும் கூட்டத்திலேயே படித்து, அவர் கையெழுத்தும் மற்றவர்கள் கையெழுத்தும் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.