நிறுத்தத் தெரிந்த மரபணுக்கள்

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

மரபணு என்றதும் அது எதையோ உண்டாக்குவது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. கண்ணின் நிறத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. நான் பேச வந்தது இதன் மறுபாதியைப் பற்றி. ஓர் உடல் ஒழுங்காக வளர வேண்டுமென்றால், தொடங்கியதை உரிய நேரத்தில் நிறுத்துவதற்கும் மரபணுக்கள் வேண்டும். இதை உலகுக்குக் காட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழு.

சினோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். சுருக்கமாக சி. எலிகன்ஸ். 1960களில் கேம்பிரிட்ஜில் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் தன் ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுத்தார். அகார் தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவைப் பரப்பி விட்டால் போதும், தின்று வளரும். முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று நாள் போல ஆகும். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, உடல் கண்ணாடி போல இருப்பது. உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் பிரிவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

பார்த்தும் விட்டார்கள். ஜான் சல்ஸ்டன் தினமும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், சுமார் ஒன்றரை ஆண்டு நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து, கருவின் எந்தச் செல் எதிலிருந்து வந்தது என்று கையால் வரைந்தார். 1983இல் அந்த வம்சாவளி முழுதாக வெளிவந்தது. அறிவியலில் பொறுமைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் இருந்தது. இருபால் புழுவின் உடலில் இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்து 1,090 செல்கள் உண்டாகின்றன. ஆனால் வளர்ந்த புழுவில் இருப்பவை 959தான். மீதி 131 செல்கள், பிறந்த சிறிது நேரத்திலேயே செத்துப்போகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள், அதே நேரத்தில்.

அப்படியானால் சாவதற்கும் ஒரு கட்டளை இருக்க வேண்டும், இல்லையா? ராபர்ட் ஹார்விட்ஸ் தேடியது அதைத்தான். செட்-3 என்ற மரபணு பழுதான புழுக்களில் அந்த 131 செல்களும் சாகாமல் தங்கிவிட்டன. செட்-9 பழுதானால் நேர்மாறு: வாழ வேண்டிய செல்கள் கூட்டமாகச் சாகின்றன. அப்புறம்தான் தெரிந்தது, செட்-9க்கு மனிதரில் ஓர் உறவு உண்டு, பிசிஎல்-2 என்று. சில வகை நிணநீர்ப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறி வேலைசெய்து, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் தடுக்கிறதே, அதேதான். அதை மடக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002இல் நோபல் கிடைத்தது.

அடுத்து, முட்டை வெளியேறும் துவாரம். இளம்புழுவின் வயிற்றுப் பக்கம் ஆறு செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஆறில் எதுவும் அந்தத் துவாரமாக மாறக்கூடியதுதான். ஆனால் மேலே இருக்கும் ஒரே ஒரு செல் அனுப்பும் செய்தியைக் கேட்டு, அருகிலிருக்கும் மூன்று மட்டும் பிரிந்து 22 செல்களாகித் துவாரத்தை அமைக்கின்றன. செய்தி அனுப்பும் செல்லை லேசரால் சுட்டுவிட்டால் துவாரமே வராது. செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் மரபணு லெட்-60. அது ‘எப்போதும் ஆன்’ என்ற நிலையில் சிக்கிக்கொண்டால், மற்ற செல்களும் செய்தி வந்ததாக நினைத்துப் பிரியும். புழுவின் வயிற்றில் வரிசையாகப் பல புடைப்புகள் தெரியும். மனிதரில் இதே மரபணுவின் பெயர் ராஸ். நம் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் அது இதே மாதிரி ஆன் நிலையில் சிக்கியிருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இந்தப் புழு நாலு தடவை தோலுரித்துத்தான் பெரியதாகிறது. ஒவ்வொரு இளம்பருவத்திலும் செல்கள் செய்ய வேண்டிய வேலை வேறு. லின்-4 என்ற மரபணு பழுதான புழுவைத் தட்டில் பார்த்தால் உடனே அடையாளம் தெரியும். நீளமாக இருக்கும், துவாரம் இருக்காது. முட்டைகள் உள்ளேயே பொரித்து, குஞ்சுகள் தாயின் உடலுக்குள் நெளியும். காரணம், முதல் பருவத்து வேலையையே அதன் செல்கள் திரும்பத் திரும்பச் செய்கின்றன. ஒன்றாம் வகுப்பை முடித்த பிள்ளை அடுத்த வருடமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே அரிச்சுவடியை எழுதுவது போல. லின்-14 என்ற இன்னொரு மரபணு பழுதானால் தலைகீழ்: முதல் பருவத்தைத் தாண்டிக் குதித்துவிடும். ஆக, முதல் பருவத்தை நடத்துவது லின்-14, அதை நிறுத்துவது லின்-4.

எப்படி நிறுத்துகிறது? விக்டர் ஆம்ப்ரோஸின் குழு லின்-4ஐத் தேடிப் பிடித்தது. வழக்கமாக மரபணு என்றால் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு இருக்கும். இதில் அந்தக் குறிப்பே இல்லை. அது தந்தது 22 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ துணுக்கு மட்டும். ஆர்என்ஏ என்பது மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல். அப்போது கேரி ருவ்கன் லின்-14ஐ ஆராய்ந்துகொண்டிருந்தார். 1992இல் இருவரும் தங்கள் மரபணுக்களின் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டு ஒப்பிட்டபோது, லின்-14இன் தூது ஆர்என்ஏவின், அதாவது புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்து செல்லும் நகலின், வால் பகுதியில் அந்தத் துணுக்கு பொருந்தும் இடங்கள் பல இருந்தன. துணுக்கு அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது, லின்-14 புரதம் உண்டாவது நின்றுபோகிறது. 1993இல் இரண்டு கட்டுரைகளும் வந்தன. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. புழுவின் தனி விஷயம் என்று விட்டுவிட்டார்கள்.

2000இல் ருவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டது. இளம்புழு முதிர்ந்த புழுவாவதற்கு அது வேண்டும். அதே ஆண்டில் அது ஈயிலும் மீனிலும் மனிதரிலும் அப்படியே இருப்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. இன்று இவற்றை மைக்ரோ ஆர்என்ஏ என்கிறோம். மனித உடலில் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஆம்ப்ரோஸுக்கும் ருவ்கனுக்கும் 2024இல் நோபல் வந்தது.

முன்பு சொன்ன லெட்-60, அதாவது ராஸ், நினைவிருக்கிறதா? லெட்-7 அடக்கிவைக்கும் மரபணுக்களில் அதுவும் ஒன்று என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளைப் பார்த்தபோது, பக்கத்திலிருந்த நல்ல திசுவைவிட அவற்றில் லெட்-7 குறைந்தும் ராஸ் புரதம் கூடியும் இருந்தன.